வேனுக்கு எந்த இன்வெர்ட்டர் என்று கேட்ட மகளுக்கு

தேனு,

நீ வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரிதான் கேட்டாய். "அப்பா, நாங்களும் வேன் வாங்கப் போறோம், எந்த இன்வெர்ட்டர் போடலாம், சீக்கிரம் சொல்லுப்பா." நானும் ஒரே வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். 'ப்யூர் சைன் வேவ், தனி பேட்டரி, தடி ஒயர்' என்று அடித்து முடித்து, அனுப்பப் போகிற நேரத்தில் அழித்துவிட்டேன். எங்கள் வேனுக்குள் இன்வெர்ட்டர் எதற்காக வந்தது என்பதே உனக்குத் தெரியாதே, வெறும் பெயரைச் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. ஃபேன் ஓடுவதற்கும் போன் சார்ஜ் போடுவதற்கும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாங்கள்தான் உன்னை அப்படி நினைக்க வைத்தோம். எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா என்னைப் பத்தி வர்ற இடத்துல கொஞ்சம் அழகா எழுதுங்க" என்றாள். ஆகவே இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பிரபுவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

அம்மாவின் குறட்டை உனக்குப் புதிதில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டவள் நீ. நீ புனேவுக்கு வேலைக்குப் போன பிறகு அந்தக் குறட்டை வேறு மாதிரி ஆகிவிட்டது. நடுவில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்குகிறவள் போல ஒரு பெரிய இழுப்பு இழுப்பாள். எலெக்ட்ரிக் ரயில் ஓட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை எனக்கு நிம்மதி, நின்றால்தான் பதற்றம். பகலில் அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே நின்றபடி கண்ணயர்ந்துவிட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா சார், அம்மா வெண்டைக்காய்க்கு மந்திரம் ஓதுறாங்களா?" என்று கேட்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய காலத்தில் ஒரு எழுத்து தப்பினாலும் முழுத்தாளையும் திரும்ப அடிக்கச் சொன்னவள், அப்போது பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஹாலில் தூங்கினாள்.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் மூச்சு நின்று நின்று வருகிறது, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இனி தினமும் மெஷின் வைத்துக்கொண்டுதான் படுக்கவேண்டும் என்றார். செருப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்குக்கு ஒரு மாஸ்க். அந்தப் பெட்டி காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடாது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், "என்னங்க, பிள்ளையார் மாதிரியே இருக்கேன். கீழ மூஞ்சூறு இடம் காலியா இருக்கு, வந்து உக்காந்துக்குங்க" என்றாள். மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது பரண்மேல் இருந்த பாத்திரம் எல்லாம் கீழே இறங்கி, துலக்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முகம் அப்படித் தெளிந்திருந்தது. இத்தனை காலமாக அவள் சரியாகத் தூங்கியதே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

ஆனால் இது யாருக்கும் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முக்கியமாக உனக்கு. நீ பிரபுவைப் பற்றி எங்களிடம் சொல்லியிருந்த நேரம் அது. இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தது. "பொண்ணோட அம்மாவுக்கு மெஷின் வெச்சாத்தான் மூச்சுன்னு அங்க தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? இது பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும்" என்றாள். அப்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ பொங்கலுக்கு வந்தபோது மெஷின் பீரோவுக்குள் போர்வைக்கு அடியில் போய்விட்டது. நீ இருந்த நாட்கள் முழுவதும் அம்மா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாளே, பிரபு பேச்சை எடுத்தாலே எழுந்து போனாளே, அது தூக்கம் இல்லாத எரிச்சல். உனக்கு அது வேறு மாதிரி பட்டிருக்கிறது. படாமல் எப்படி இருக்கும்?

உன் கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி வந்தோம். எங்களுக்குக் கொடுத்த அறையில் பிரபுவின் அத்தைமார் இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நல்ல மனிதர்கள், அம்மாவோடு பேசிப் பழக ஆசைப்பட்டுத்தான் வந்தார்கள். அவர்களுக்கு எதிரில் குழாயும் மாஸ்க்குமாக எப்படிப் படுப்பது? அம்மா பெட்டியைத் திறக்கவே இல்லை. படுத்தால் குறட்டை வரும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவர்கள் தூங்கிய பிறகும் விழித்துக்கொண்டே இருந்தாள். காலையில் முகூர்த்தத்தில், பிரபு தாலியை எடுத்த நேரத்தில், கையில் அட்சதையோடு நின்றபடியே கண்ணை மூடிவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் எடுத்துத் தொலைத்தார். ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை நீ வேகமாகத் திருப்புவதை நான் பார்த்திருக்கிறேன். "அம்மாவுக்குப் பிரபுவைப் பாக்கவே பிடிக்கலப்பா, அதான் அந்த நேரத்துல கண்ணை மூடிக்கிட்டாங்க" என்று நீ என்னிடம் போனில் சொன்னபோது எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா எதிரில் நின்று கையைக் கூப்பிக் காட்டினாள். விழுங்கிவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் கண்ணு. தன் ஒரே மகளின் கல்யாணத்தில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேனே என்று அவள் அழுத அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. கல்யாணம் முடிந்தும், இத்தனை நாள் மறைத்ததை இனி எப்படிச் சொல்வது என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பெருங்களத்தூரில் காலையில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரியில் உன் வீட்டுக்கு வருவோம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும் முன் கிளம்பிவிடுவோம். நீ எவ்வளவு கெஞ்சினாலும் அம்மா தங்கமாட்டாள். துளசிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், கேஸ் வருகிறது, பம்ப்செட்காரர் வருகிறார் என்று ஏதாவது ஒன்று சொல்வாள். கடைசியில் நீ பொறுமை இழந்து, "எங்க வீட்ல ஒரு ராத்திரி படுத்தா உனக்கு என்னம்மா குறைஞ்சிடும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. நான் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிப் பெருங்களத்தூர் வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு பட்டறை வாசலில் பழைய ஸ்கூல் வேன் ஒன்று விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தது.

அதைப் பார்த்தவுடனே எனக்கு யோசனை வந்துவிட்டது. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு அறை. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டால் உள்ளே அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு படுக்கலாம். உன் வீட்டு வாசலிலேயே படுக்கலாம். யாருக்கும் தெரியாது. ஊரெல்லாம் என்ன நினைத்தது? ரிட்டையர் ஆன மோட்டார்மேனுக்கு ஓட்ட வண்டி இல்லாமல் கை அரிக்கிறது, வேனில் கட்டில் போட்டு ஊர் சுற்றப்போகிறான் என்று நினைத்தது. நீயும் அதையே சொல்லிச் சிரித்தாய். நானும் ஆமாம் என்றேன். கட்டில், அலமாரி, சின்ன அடுப்பு எல்லாம் வைத்து, முறைப்படி பதிவை மாற்றி, மஞ்சள் போய் வெள்ளை அடித்து வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மெஷினுக்குக் கரண்ட் மட்டும்தான் பாக்கி. அங்கேதான் உன் கேள்வி ஆரம்பிக்கிறது.

இருபத்தைந்தாயிரம் வோல்ட் கம்பிக்குக் கீழே வண்டி ஓட்டியவன், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்ன செய்துவிடும் என்று கொஞ்சம் அலட்சியமாகத்தான் போனேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கைக்கு அடக்கமாக ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஃபேன் ஓடுமா என்று. ஓடும் என்றார்கள். இரும்புலியூரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிற ஏழுமலையிடம் கொடுத்தேன். அவன் அதை வண்டி இன்ஜின் பேட்டரியிலேயே நேராக இணைத்துவிட்டு, ஒரு பல்பைப் போட்டுக் காட்டி, "பாரு சார், சூப்பரா எரிஞ்சிகினு கீது. நீ ரெயிலே ஓட்டினவரு, இதுக்கெல்லாம் யோசிக்கலாமா?" என்றான். நானும் யோசிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் உன் வீட்டுக்கு வந்தோம்.

வந்த அன்று நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ பார்த்திருக்கிறாய். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், உனக்கும் பிரபுவுக்கும் முன்னால், "நாங்க வேன்லயே படுத்துக்கிறோம்" என்று அம்மா எழுந்து போனாள். உன் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே என்ன நடந்தது தெரியுமா? மெஷினைச் சொருகியதும் அதன் அடாப்டர் குளவி மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்துவிட்டது. தொட்டால் சூடு. மாஸ்க்கோடு அம்மா, "என்னங்க, பிள்ளையாருக்குப் பக்கத்துல வண்டு பாடுது" என்றாள். அதோடு எப்படியோ தூங்கிவிட்டோம். காலையில் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு முனகல் முனகியது, அப்புறம் அதுவும் இல்லை. இன்ஜினைக் கிளப்ப வேண்டிய பேட்டரியில் இருந்ததை எல்லாம் மெஷின் குடித்து முடித்திருந்தது. பிரபு ஆபீஸ் சட்டையோடு வேனைத் தள்ளினார். சம்பந்தியம்மா கையில் காபி டம்ளரோடு கேட்டில் நின்று பார்த்தார். நீ என் காதருகே வந்து, "உள்ள ரெண்டு பெட்ரூம் சும்மா கிடக்கு. வாசல்ல படுத்து எங்க மானத்தை வாங்குறதுக்குத்தான் வேன் வாங்கினீங்களாப்பா?" என்றாய். வேன் நகர்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். நீ உள்ளே போய்விட்டாய். பிரபு மட்டும் சட்டையில் கருப்போடு கை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தத் தள்ளலில் வேன் ஆசை பிடித்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

திரும்பி வந்து நான் வேனையே விற்றுவிடலாம் என்றேன். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "கோளாறு வேன்ல இல்ல. நாம படிக்காம பண்ணிட்டோம்" என்று மெஷினோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியோடு கட்டிவைத்து மறந்துபோன புத்தகம் அது. வீட்டுக்கு வருகிற கரண்ட் அலையலையாக, வழவழப்பாக ஏறி இறங்கும். மலிவான இன்வெர்ட்டர் அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டிக் கொடுக்கும். பல்புக்கு அது போதும். இந்த மாதிரி மெஷினுக்கு ஆகாது, இரைச்சல் போடும், சூடாகும், நாளடைவில் கெட்டும் போகலாம். ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்கவேண்டும். நான் இத்தனை நாளும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த கரண்ட் விஷயத்தை அம்மா எனக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்தது எவ்வளவு பெரியது வாங்குவது. நீங்களும் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: உங்களுக்கு வண்டிக்குள் எதெல்லாம் ஓடவேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு சண்டையில் முடிந்தது. எனக்கு எலெக்ட்ரிக் கெட்டில் வேண்டும், நினைத்த நேரத்தில் டீ போட. அம்மாவுக்கு மிக்ஸி வேண்டும். கெட்டில் தனியாளாக ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் இழுக்கும், பேட்டரியை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். மிக்ஸிக்கு அதில் பாதிகூட வேண்டாம், ஆனால் கிளம்பும்போது மட்டும் ஒரு துள்ளு துள்ளும், அதைத் தாங்கவேண்டும். "டீ போட அடுப்பு இருக்கு. அடுப்புல தேங்காய்ச் சட்னி அரைக்க முடியுமா?" என்று கேட்டாள். மெஷின், மிக்ஸி, ஒரு ஃபேன், இரண்டு விளக்கு என்று முடிவாயிற்று. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடாது என்பதால் ஆயிரம் வாட்ஸ் போதும், மிக்ஸியின் துள்ளலைத் தாங்குமா என்று மட்டும் கடையில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று பிரபு சொல்வார். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்டைத் தின்றுகொண்டிருக்கும். வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

பேட்டரியைத் தனியாகப் போட்டோம். இன்ஜின் பேட்டரி இன்ஜினுக்கு மட்டும். படுக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி ஒன்று. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து அதற்கு அளவோடு சார்ஜ் ஏற்ற நடுவில் ஒரு சின்னச் சார்ஜர். எவ்வளவு நேரம் வேனில் படுத்தாலும் இனி காலையில் வண்டி கிளம்பும், உன் புருஷன் சட்டை அழுக்காகாது. பேட்டரி வாங்கும்போது விடிய விடிய மெஷின் ஓடினாலும் பாதிக்கு மேல் மீதி இருக்கும்படிப் பார்த்து வாங்கினோம். இந்தத் தடவை ஏழுமலை வந்தபோது அம்மா மோடா போட்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் மெல்லிசு ஒயரை எடுத்தான். நான் நிறுத்தினேன். இது நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்: ரயில் கம்பியில் வோல்ட் அதிகம், அதனால் அதில் ஓடுகிற ஆம்பியர் கொஞ்சம். பன்னிரண்டு வோல்ட்டில் அதே வேலையை வாங்கவேண்டுமானால் ஆம்பியர் வெள்ளமாக ஓடவேண்டும், மெல்லிசு ஒயர் கொதித்துவிடும். ஏழுமலை என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "போன தபா நான் போட்டது தப்பு தான் சார். இந்த வாட்டி நீங்க சொல்றாப்லயே போட்டுக்கலாம்" என்று போய் கட்டைவிரல் தடிமனில் ஒயர் வாங்கி வந்தான். ஒயர் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதால் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். பேட்டரி வாயிலிலேயே ஒரு ஃபியூஸ். இதை மட்டும் யார் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதே. இன்வெர்ட்டருக்குச் சூடு போக நான்கு பக்கமும் இடம் விடு, அதன் மேல் போர்வை, துண்டு எதையும் போடாதே, கேஸ் அடுப்புக்குத் தள்ளியே வை.

வேலை முடிந்ததும் அம்மா ஒவ்வொரு ஒயரிலும் அது எங்கே போகிறது என்று அழகாக எழுதி ஒட்டினாள். ஏழுமலை, "அம்மா, இந்த மாதிரி எல்லா வண்டியும் இருந்துச்சுன்னா எனக்கு வேலையே பேஜார் இல்லம்மா" என்று போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டான். மிக்ஸியில் சட்னி அரைத்து எங்கள் மூன்று பேருக்கும் வேனிலேயே தோசை போட்டாள். மிக்ஸி துள்ளியது, இன்வெர்ட்டர் அசையவில்லை.

இப்போது மெஷின் சோதனை. மறுபடி ஊர் விட்டு ஊர் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம், வாசலிலேயே படுத்துப் பார்க்கிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் ஏறிப் படுத்தாள். ரீங்காரம் இல்லை. மெஷின் மூச்சு விடுகிற மாதிரி மெல்லியதாக ஓடியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் வீட்டுக்குள் போய்ப் பேப்பரை விரித்தேன். காற்றுக்காக அம்மா ஒரு பக்கம் திரையை ஒதுக்கிவிட்டிருந்தாள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முனியம்மா துணி கொடுக்க வந்தவள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டாள். "ஐயோ சார்! ஓடியாங்க! அம்மாவை வேன்ல இட்டாந்து ஆக்சிஜன் வெச்சிகீறாங்க! யாராவது ஆம்புலன்ஸ கூப்புடுங்களேன்!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. நான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் ஏழெட்டுப் பேர் வேனைச் சுற்றிவிட்டார்கள்.

கதவு திறந்தது. அம்மா மாஸ்க்கைக் கழற்ற மறந்து, குழாய் தொங்க, அரைத் தூக்கத்தில் வாசலில் வந்து நின்றாள். "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள். முனியம்மா, "உனக்குத்தான்மா!" என்றாள். அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் படியில் அப்படியே உட்கார்ந்து, மாஸ்க்கை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல முனியம்மா. தூக்கத்துல மூச்சு அடைக்கும். இதை வெச்சா அடைக்காது. தூங்கிட்டுத்தான் இருந்தேன், நீதான் எழுப்பிட்டே" என்றாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எதிர்வீட்டு ராமநாதன் சார் முன்னால் வந்தார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நீயே சின்ன வயதில் அவரைப் பார்த்தால் ஒளிந்துகொள்வாய். அவர் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயக்கத்தோடு, "மேடம், உங்களுக்கு இந்த மாஸ்க் மூக்குல தழும்பு விழுதா? எனக்கு விழுது" என்றார்.

தெரு முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கும் காது சிவந்துவிட்டது. "நானும் வெச்சிருக்கேன். ஒய்ஃபைத் தவிர யாருக்கும் தெரியாது. பசங்ககிட்டகூடச் சொல்லல" என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவர் சிரித்தார், முனியம்மா சிரித்தாள், நான் லுங்கியைப் பிடித்தபடி சிரித்தேன். மாஸ்க் ஓரத்தில் மெல்லிய துணி வைத்துத் தைத்தால் தழும்பு விழாது என்று அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் தன் மெஷினை அந்தப் பகல் வெளிச்சத்தில் தெருவைக் கடந்து எங்கள் வேனுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கும் வேன் ஆசை. நீங்கள் வேன் வாங்குகிற இடத்திலேயே தனக்கும் ஒன்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா வேன் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரியும். ராமநாதன் சாருக்குத் தெரியும். ஏழுமலைக்குக்கூட இந்நேரம் தெரிஞ்சிருக்கும். என் பொண்ணுக்கு மட்டும்தாங்க தெரியாது" என்றாள். அதற்கு மறுநாள்தான் நீ வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரியை அனுப்பினாய்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் மேலே எல்லாம் எழுதியிருக்கிறேன். பிரபுவோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எதெல்லாம் ஓடவேண்டும் என்று நீங்கள் பேச உட்காரும்போது, உங்களில் யாருக்காவது சொல்லக் கூச்சமான தேவை ஒன்று இருக்கலாம். அதை முதலில் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு வேனையே வாங்கவேண்டியதாகிவிட்டது. வேன் வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை, அது வேறு விஷயம்.

வரும் வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறோம். வேனில்தான் வருகிறோம், ஆனால் இந்தத் தடவை அதை உன் தெருமுனையில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவோம். அம்மா இப்போதே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மெஷினைப் போர்வைக்கு அடியில் வைக்கவில்லை, கையில் தனியாக எடுத்துவரப் போகிறாளாம், சம்பந்தியம்மாவுக்கும் காட்ட வேண்டுமாம். நான்கு நாள் தங்குவதாகச் சொல்கிறாள், துளசிக்கு முனியம்மா தண்ணீர் ஊற்றுவாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தோள்வழியே எட்டிப் பார்த்து ஒன்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் கேட்டுவிடுகிறேன்: உன் வீட்டில் நீ எங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிற அந்த அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா கண்ணு?

அப்பா